இரும்பு இல்லாதவர் உள்ளே வரலாம்

பழவேற்காட்டு மருந்துச்சாலையில் புது வழக்கம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒல்லாந்தர்கள் வெடிமருந்து அரைக்கிற இடம் அது. அதன் வாசலில் கூலிக்கு வருகிறவர்களை மட்டும் நிறுத்திக் காந்தக்கல்லை ஓட்டிப் பார்க்கிறார்களாம். கோட்டையிலிருந்து வருகிற துரைமார்கள் நேரே உள்ளே போகலாமாம். சல்லடை போடுகிற பெண்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள்.

"அத்த, ஒரு கப்பித்தானையே நீ வாசல்ல நிறுத்திட்டேன்னு சொல்றாங்களே, நெசமா? இப்ப கீற தொரை, அதெல்லாம் கட்டுக்கதைன்றாரு."

நிஜம்தான். ஆனால் நிறுத்தினேன் என்பது சரியல்ல. நிறுத்தப் பார்த்தேன். அந்தக் கப்பல் தலைவன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளையின் மகள் ஓலையில் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி எழுதட்டும், படிக்கிறவர்களுக்கு வசதி. அன்று ஆளாளுக்குப் பேசியதைப் பேசியபடியே போடு, என்னை மட்டும் நல்லவளாக்கிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குடும்பம் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றில் விரலை விட்டுத் துழாவ வேண்டும். மழை பொய்த்து ஏரி உப்பேறி இறால் அற்றுப்போன ஒரு வருஷம் மருந்துச்சாலையில் ஆள் எடுத்தார்கள். போனேன். முதலில் கரி இடித்தேன், பிறகு சல்லடை போட்டேன். அப்புறம் துரை என் கையில் காந்தக்கல்லைக் கொடுத்தார். கண் பார்வை குறையும்வரை அந்தக் கல்தான் என் வேலை.

துரைக்கு ஹெண்ட்ரிக் என்று பெயர். எங்கள் வாயில் அது எந்திரிக்கு துரை ஆகிவிட்டது. அவர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்பதால் பொருத்தமாகவும் இருந்தது. ஒல்லாந்தர்களில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. சாலைக்குள் எப்போதும் வெறுங்காலோடுதான் நடப்பார். வெள்ளைவெளேர் என்ற கால், கரி படிந்த உள்ளங்கால். இடுப்பில் வாருக்குப் பதில் நூல்கயிறு கட்டியிருப்பார். நடந்து கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, காலை அரை அடி பின்னால் வைத்து, விரலால் தரையைத் துழாவுவார். ஒரு மணல் பரல் அகப்படும். அதை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்துதான் மறுபேச்சு. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தாழும். அவர் கத்தினால் எங்களுக்குப் பயமிருந்திருக்காது. காதருகே வந்து மெல்லப் பேசினால்தான் பயம்.

வேலையைச் சொல்கிறேன். வெடியுப்பும் கந்தகமும் கரியும் எங்கெங்கிருந்தோ மூட்டையாக வரும். வெடியுப்பை ஊர்களில் இரும்புக் கரண்டியால் சுரண்டி எடுக்கிறார்கள். அந்தக் கரண்டியின் துணுக்கு, பெட்டியில் அடித்த ஆணியின் முனை, மாட்டு லாடத்தின் சிராய் எல்லாம் மூட்டையில் கலந்து வரும். அப்படி ஒரு துண்டு அரைக்கிற கல்லுக்கு அடியில் சிக்கினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் அப்புறம் சொல்வதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு மூட்டையையும் முறத்தில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். காந்தக்கல்லை மெல்லிய தோலில் சுற்றிக்கொண்டு, முறத்துக்கு ஒரு விரல் உயரத்தில், தொடாமல், வரி வரியாக ஓட்ட வேண்டும். இரும்பு இருந்தால் தானே எழும்பி வந்து தோலில் ஒட்டி, மயிர் சிலிர்த்ததுபோல நிற்கும். வெளியே போய்த் தோலைக் கல்லிலிருந்து உரித்தால் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பிறகு மறுபடி சுற்றிக்கொண்டு அடுத்த முறம். காலையில் வாசலில் நின்று ஆட்கள் மேல் ஓட்டுவதும் என் வேலைதான். பாக்குவெட்டி, சாவி, மெட்டி, காத்து கருப்பு அண்டாமலிருக்கப் போட்ட இரும்புக் காப்பு, எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். காப்பைக் கழற்றச் சொன்னதற்குப் பெண்கள் என்னைத் திட்டியதை ஓலையில் எழுத முடியாது.

கல்லை என் கையில் கொடுத்த அன்று துரை ஒரு காரியம் செய்தார். ஒரு பீப்பாயைக் கையால் தள்ளினார். உருண்டது. கையை எடுத்தார். சற்று உருண்டு நின்றது. "தொட்டா மட்டும் வேலை செய்யும்," என்றார் அரைகுறைத் தமிழில். செக்கைச் சுற்றும் மாட்டைக் காட்டினார். மாடு நுகத்தைத் தள்ளுகிறது, நுகம் கயிற்றை இழுக்கிறது, கயிறு மரத்தை இழுக்கிறது, மரம் கல்லைத் திருப்புகிறது. நடுவில் எங்கே அறுந்தாலும் அத்தோடு சரி. பிறகு ஓர் ஆணியை என் உள்ளங்கையில் வைத்து, காந்தக்கல்லைப் புறங்கைக்கு அடியில் பிடித்து அசைத்தார். என் கையின் சதைக்கு மேலே ஆணி ஊர்ந்தது. உடம்பெல்லாம் கூசியது. கையை உதறிவிட்டேன்.

"இது தொடாம வேலை செய்யும்," என்றார்.

"யாரு இழுக்கறது, தொரை?"

"எனக்கும் தெரியாது. எங்க ஊர்ல படிச்சவங்க இன்னும் சண்டை போடறாங்க."

தெரியாது என்று அவர் சொன்னதால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன்.

பிறகு நானாகவே பார்த்துப் பார்த்துச் சிலது தெரிந்துகொண்டேன். படகுப் பாயைத் தள்ளுகிற காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொட்டுத்தான் தள்ளுகிறது. முகத்தில் படுகிறதே, அதுதான் தொடுவது. இரண்டு பொருள் உரசினால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, சூடும் ஏறுகிறது. எண்ணெய் விடாத அச்சு புகைவது அதனால்தான். அதுவும் தொட்டால்தான். கல் அப்படியில்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் ஆணி அசையாது. விரலளவு நெருங்கினால் குதித்து வரும். நடுவில் தோலோ பலகையோ இருந்தாலும் தடுக்காது. துரை ஒரு நாள் முத்திரை வைக்கிற அரக்குக் குச்சியைக் கம்பளித் துணியில் தேய்த்துக் காட்டினார். கரித்தூள் துள்ளி வந்து ஒட்டியது. அரக்குக்கு இரும்பென்றும் கரியென்றும் பேதமில்லை, லேசாக இருந்தால் இழுக்கும். ஆனால் முதலில் தேய்த்தாக வேண்டும். அன்றிலிருந்து சாலைக்குள் கம்பளியும் கூடாது என்றார். கை தவறினால் எதுவும் கீழே விழுகிறதே, அதை யார் தொட்டு இழுக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் அவருக்குத் தெரியவில்லை. நிலா ஏறினால் முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும் என்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலாவைத் தொட்டவர் யார்?

எங்களோடு வேலை பார்த்த குப்பன் செத்தது நான் சல்லடை போட்ட காலத்தில். தொட்டியின் ஓரத்தில் கெட்டிப்பட்ட மருந்தைச் சுரண்ட மரக்கரண்டிதான் கொடுப்பார்கள். அவன் கரண்டி உடைந்துவிட்டது. புதியது வாங்க முற்றத்தைக் கடந்து போக வேண்டும். மடியில் ஒளித்து வைத்திருந்த பேனாக்கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தான். தொட்டியில் மிச்சம் ஒரு கைப்பிடி மருந்துகூட இருந்திருக்காது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த எனக்குக் காது இரண்டு நாள் கேட்கவில்லை. குப்பன் ஒரு வாரம் கிடந்து செத்தான். அவன் மனைவி அஞ்சலை பிறகு என்னோடு சல்லடைக்கு வந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. காந்தக்கல் என் கைக்கு வந்தபோது அவள் ஒன்றுதான் சொன்னாள்: "நீ ஓட்டுனாத்தான் நான் சலிப்பேன்."

இனி கப்பித்தான்.

கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் நின்றிருந்தது. காற்று திரும்பப் போகிற பருவம். அதற்குள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போயாக வேண்டும் என்று அவனுக்கு அவசரம். அவசரம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை. கோட்டையில் கேட்டிருக்கிறான், மருந்து இன்னும் காயவில்லை என்றிருக்கிறார்கள். நேரில் பார்த்துவிடுகிறேன் என்று இரண்டு சிப்பாய்களோடும் மொழிபெயர்க்கிற துபாஷி வெங்கய்யாவோடும் கிளம்பி வந்துவிட்டான். துரை அப்போது பின்முற்றத்தில், மருந்து காயப்போட்ட பாய்களுக்கு நடுவில் இருந்தார். வாசலில் நான் மட்டும்.

இடுப்பில் வாள். காலில் முழங்கால்வரை தோல் செருப்பு, நடக்கும்போது கல்லில் கிர்ரென்று ஓசை. கையை நீட்டி வழி மறித்தேன்.

"இரும்போட உள்ள போகக்கூடாது. வாளையும் செருப்பையும் இங்க வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க," என்றேன்.

வெங்கய்யா குறுக்கே வந்தார். "கன்னியம்மா, இவரு யாருன்னு தெரியுமா? வழிய வுடு."

"யாரா இருந்தா இன்னா? சொல்லுங்க."

அவர் சொன்னாரா, பாதியை விழுங்கினாரா தெரியாது. கப்பித்தான் வாளைக் கழற்றிச் சிப்பாயிடம் கொடுத்தான். மரியாதைக்கு அவ்வளவு போதும் என்று நினைத்திருப்பான். செருப்பைக் கழற்றவில்லை. நான் குனிந்து காந்தக்கல்லை அவன் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கல் என் கையை இழுத்துக்கொண்டு போய்க் குதிகாலில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அடியில் வரிசையாக ஆணி. அவன் காலை இழுத்தான், கல்லும் கூடவே போனது, நானும் கல்லை விடாமல் கூடவே நகர்ந்தேன். உள்ளேயிருந்து யாரோ பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். சுவரில் போய் மோதினேன். அவன் உள்ளே போய்விட்டான்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். சாலைக்குள் கத்தக்கூடாது என்பது துரையின் கட்டளை. அன்று அதை மீறினேன். சல்லடைகளைப் போட்டது போட்டபடி பெண்கள் ஓடி வந்தார்கள். மாட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். எல்லோரும் ஏரிக்கரையில் போய் நின்று திரும்பிப் பார்த்தோம். அஞ்சலை என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

உள்ளே அந்த ஆள் ஒவ்வொரு கூடமாகச் சுற்றினானாம். அரைக்கும் கல்லைப் பார்த்தானாம். பீப்பாய்களைத் தட்டினானாம். பிறகு வெளியே வந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாலை வெடித்தது என்றும், கப்பித்தான் கருகினான் என்றும் சொல்வார்கள். கதைக்கு அது நன்றாக இருக்கும். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. அவன் வாசற்படிக் கல்லில் நின்று, எங்களைப் பார்த்து, ஆணி வைத்த செருப்பால் அந்தப் படியை ஓங்கி உதைத்தான். வெங்கய்யா மொழிபெயர்த்தார்: "எங்கே நெருப்புன்னு கேக்கறாரு."

அதற்குள் துரை வந்துவிட்டார். இருவரும் தங்கள் பாஷையில் பேசினார்கள். கப்பித்தான் உரக்க, துரை மெல்ல. பேசப் பேசத் துரையின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பதவியில் அவன் பெரியவன் என்பது பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் துரை என்னிடம் வந்தார்.

"கைகூப்பி மன்னிப்பு கேளு, கன்னியம்மா. முடிஞ்சிடும்."

"எதுக்கு, தொரை?"

"அவரைத் தொட்டுட்ட. சிரிக்க வெச்சிட்ட. ஒண்ணும் நடக்கலையே?"

"ஒண்ணும் நடக்கலன்னா நான் சொன்னது தப்பாயிடுமா? கத்தியால சுரண்டுன எல்லாரும் அன்னிக்கே சாவல. குப்பன்தான் செத்தான்."

துரை கண்ணை மூடித் திறந்தார். "மன்னிப்பு கேக்கலன்னா நான் உன்னை வெச்சிக்க முடியாது."

"கேக்க மாட்டேன்."

"அப்ப கல்லைக் கொடு."

கொடுத்தேன். தோலைச் சரியாகச் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தேன். மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை.

வீட்டில் நைனா குதித்தார். "ஒரு கும்புடு போட்டா கை தேஞ்சா பூடும்? நாங்கல்லாம் தெனம் எத்தினி பேருக்குப் போடறோம்!"

"தேயாது நைனா. ஆனா நான் கும்புட்டா, நாளைக்கு இன்னொருத்தன் செருப்போட வருவான். அப்ப வாசல்ல நிக்கறவ வாயத் தொறப்பாளா?"

"உனக்கின்னா அதப்பத்தி? நீதான் அங்க இல்லியே."

"அஞ்சலை இருக்கா."

நைனா வலையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி ஏரிக்குப் போனேன். சேற்றைத் துழாவினேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் மோசமாகவே இருந்தன. தெருவில் எதிர்ப்பட்டவர்கள், "ஒண்ணும் நடக்கலையாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நடந்திருந்தால் என்னைத் தெய்வம் என்றிருப்பார்கள். நடக்காததால் வாய்க்கொழுப்பு என்றார்கள். என் வேலையே ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என்பதை யாருக்கு எடுத்துச் சொல்வது? ராத்திரி படுத்தால் நான்தான் தப்போ என்றுகூடத் தோன்றும். காலையில் அந்த நினைப்பு போய்விடும்.

கப்பல் கிடைத்த பீப்பாய்களோடு போய்விட்டது. என் இடத்தில் கோட்டைச் சிப்பாய் ஒருவனை நிறுத்தினார்கள். அவன் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு வெற்றிலை மென்றபடி நிற்பானாம். கப்பித்தானே செருப்போடு போனான், நமக்கென்ன என்று எழுத்தர்கள் சாவிக்கொத்தோடு போகத் தொடங்கினார்கள். அப்புறம் கூலிக்காரர்களும் பாக்குவெட்டியை எடுத்துப்போனார்கள். ஒரு நாள் அஞ்சலையின் சல்லடையில் லாட ஆணி ஒன்று நின்றது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாளாம்.

"கன்னியம்மா வந்து கல்ல ஓட்டாம நான் சலிக்க மாட்டேன். யாருக்கு உசுரு வெல்லமோ அவங்க வெளிய வாங்க. மத்தவங்க சலிங்க."

ஒருத்திகூட உள்ளே இருக்கவில்லை. இரண்டாம் நாளும் யாரும் போகவில்லை. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அது முழுக்க அவளுடைய துணிச்சல். என் பெயரில் இப்போது ஓடுகிற கதையில் பாதி அஞ்சலையுடையது.

மூன்றாம் நாள் துரை எங்கள் குப்பத்துக்கு வந்தார். நல்ல வெயில். நான் இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தேன். கரையில் வந்து நின்றார்.

"வா, கன்னியம்மா. வேலைக்கு வா."

"மன்னிப்பு கேக்கணுமா?"

"வேண்டாம். யாரும் கேக்க மாட்டாங்க. சத்தமில்லாம வந்து நில்லு."

"சத்தமில்லாம வர மாட்டேன், தொரை. வாசல்ல எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லுங்க. இரும்போட யாரும் உள்ள போகக்கூடாதுன்னு. தமிழ்ல ஒருவாட்டி, உங்க பாஷையில ஒருவாட்டி."

"கப்பித்தானுக்கும் சேர்த்தா?"

"உங்களுக்கும் சேர்த்து."

மேலிடத்தில் அவருக்கு என்ன கஷ்டம் வருமோ, எனக்குத் தெரியாது. அவர் நல்ல மனிதர், ஆனால் அன்று என்னை விட்டுக்கொடுத்தவர். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை நான் மறக்கவில்லை.

"சரி," என்றார்.

மறுநாள் காலை வாசலில் அத்தனை பேரும் கூடினார்கள். எழுத்தர்கள், சிப்பாய்கள், மாட்டுக்காரர்கள், சல்லடைப் பெண்கள். அறிவிப்பு சொல்லப்போவதால் துரை முறையாக உடுத்தி வந்திருந்தார். போன கப்பலில் ஊரிலிருந்து வந்த புது அங்கி, துணி போர்த்திய பொத்தான்கள். கால் மட்டும் வெறுங்கால். தங்கள் பாஷையில் சொன்னார். பிறகு வெங்கய்யாவை விலக்கிவிட்டுத் தானே தமிழில் சொன்னார்: "இரும்பு இல்லாதவர் உள்ளே வரலாம். இருக்கிறவர் யாரா இருந்தாலும் வெளியே. கன்னியம்மா சொல்றது என் சொல்."

பிறகு காந்தக்கல்லை என்னிடம் தந்து, முதல் ஆளாக என் எதிரில் வந்து கைகளை விரித்து நின்றார்.

மற்றவர்களுக்கு எப்படி ஓட்டுவேனோ அப்படியே ஓட்டினேன். தோள், கை, விலா. மார்புக்கு வந்தபோது கல் என் விரல்களை இழுத்துக்கொண்டு போய் ஒரு பொத்தானில் ஒட்டியது. துணிக்குள்ளே இரும்புக் கம்பி. அவருக்கே தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வெங்கய்யா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், விட்டுவிடு என்பதுபோல. அப்போதுதானே எனக்குத் திரும்ப வேலை கொடுத்திருக்கிறார், அதுவும் எல்லோர் முன்னாலும்.

"வெளிய போங்க, தொரை," என்றேன்.

அவர் ஒரு கணம் என் கண்ணைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப்போய், வெயிலில், அறிவிப்பைக் கேட்டுப் பாக்குவெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த கூலிக்காரர்களோடு வரிசையில் நின்று அங்கியைக் கழற்றத் தொடங்கினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.